ராசப்பனின் கடுக்கன்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே காடும் கிணறுமாக வாழ்ந்த நாச்சிமுத்துவை நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மாட்டைக்கூட அடிக்கமாட்டார். பெற்ற பிள்ளை விஷயம் வேறு.

1934-ல் சேலம் கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள் இங்கிலீஷில் பேசி முடித்தபோது அவருடைய மேட்டுக்காடு பங்காளிக்குப் போயிருந்தது. என்ன பேசினார்கள் என்றே அவருக்கு விளங்கவில்லை. மூத்த மகன் ராசப்பனை வக்கீலாக்கியே தீருவது என்று அன்றே முடிவு செய்தார். அதற்கு முதலில் காலேஜில் இடம் வேண்டும். மார்க்கு குறைந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"பையன் தூங்கட்டுமுங்க. தூங்கி எந்திரிச்சாத்தானுங்க படிச்சது மண்டையில நிக்கும்" என்றாள் மனைவி பூவாத்தாள்.

"தூங்கறவனுக்குக் காலேஜுல எடம் எடுத்து வெச்சிருக்கறாங்களா?" என்றவர், பையனின் குடுமியைக் கயிற்றில் கட்டி விட்டத்தில் மாட்டினார். தலை சாய்ந்தால் கயிறு இழுக்கும்.

பூவாத்தாள் மலைக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, ராசப்பனுக்கு மொட்டை போட்டுக் கூட்டிவந்தாள். சாமி காரியத்தில் அவரால் வாய் திறக்க முடியாது. அன்று சாயங்காலமே கயிற்றைப் பையனின் காதுக் கடுக்கனில் கட்டினார், பாவி.

பரீட்சைக்கு முந்தின வாரம் ராசப்பன் அசந்து புத்தகத்தின்மேல் சாய்ந்தான். காதுச் சோணை இரண்டாகக் கிழிந்தது. கட்டுப் போட்ட காதோடு போய்ப் பரீட்சை எழுதினான்.

காலேஜில் இடம் கிடைத்தது. அதுதான் கொடுமை. கிடைக்காமல் போயிருந்தால் கயிறு மாட்டுத் தொழுவத்துக்காவது போயிருக்கும். இப்போதோ அக்கம்பக்கத்துத் தகப்பன்மார் வந்து விட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ராசப்பன் மட்டும் லீவுக்குக்கூட ஊருக்கு வரவில்லை.

அடுத்த தையில் இளைய மகன், கைக்குழந்தை மணியனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். முடியிறக்க நாவிதரும் காது குத்த ஆசாரியும் காத்திருந்தார்கள். தாய்மாமன் சின்னண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்து பிள்ளைக்குக் கை நீட்டினான். பூவாத்தாள் கொடுக்கவில்லை.

"முடியெறக்கறதோட நிறுத்திக்குங்கண்ணா. எம் பையனுக்குக் காது குத்த வேண்டாமுங்க. மூளிக்காதாவே இருக்கட்டும்."

அப்படி ஒரு பேச்சை அந்த ஊர் கேட்டதே இல்லை. கூட்டம் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தது. அவளுடைய பயம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. கோபப்படவில்லை, சிரித்தார்.

"சரி, காது அவ இஷ்டம்" என்றவர் நாவிதரின் பக்கம் திரும்பினார். "நீ பொட்டியக் கட்டு. இவனுக்கு முடி வளரட்டும்."