ஜன்னலை இறுக மூடிய வீடு

பொழிச்சலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறக்கும். சத்தம் கேட்டாலே என் கைக்குழந்தை தூக்கத்திலிருந்து அலறி எழுவாள். அதனால் எல்லா ஜன்னல்களையும் மூடி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தேன்.

அன்று காலை அடுப்பில் பாலை வைத்திருந்தபோது அவள் அழுதாள். படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தட்டிக்கொடுத்தேன். அடுத்தடுத்து விமானங்கள் போயின. பாலை அடியோடு மறந்துவிட்டேன்.

திடீரென்று வாசல் கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த கீழ்வீட்டு மேரி அக்காவின் குரல்.

“கதவு இடுக்குல காஸு நாத்தம் வருது! லைட்டு, ஃபேனு எதையும் தொடாத! கொழந்தய தூக்கினு வெளிய வா!”

ஹாலுக்கு வந்ததும் நெடி மூக்கில் ஏறியது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. வெளியேற வழியில்லாமல் காஸ் வீடு முழுக்கப் பரவியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் உயிரே போய்விட்டது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தார்.

“பெல்லு அடிச்சா பொறி கிளம்பிடுமோன்னுதான் கதவ தட்டிகினே இருந்தேன்” என்று அவர் சொன்னபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது படுக்கையறை ஜன்னலை மட்டும்தான் மூடுகிறேன். சமையலறை ஜன்னல் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. அடுப்பை அணைக்காமல் அங்கிருந்து நகர்வதில்லை. விமானச் சத்தத்துக்கு மகள் இன்னும் அழத்தான் செய்கிறாள். அழட்டும், தூக்கி வைத்துக்கொள்கிறேன்.