கம்ப்யூட்டர் அறையில் தெளித்த கோமியம்

பக்கத்து வீட்டில் புதுமனை புகுவிழா. அவர்கள் வாசலில் தெளித்த கோமியத்தில் கொஞ்சம் எங்கள் வாசலிலும் விழுந்தது. நல்ல எண்ணத்தில்தான் தெளித்தார்கள். இப்போதெல்லாம் அது லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் கடையிலேயே கிடைக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தால், என் மகள் லேப்டாப் முன்னால் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். அவர்களுடைய சர்வர் ஒன்று காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லையாம். கறுப்புத் திரையில் நான்கைந்து வரி வெள்ளை எழுத்து, அதற்குக் கீழே கண்ணடித்துக்கொண்டு நிற்கும் கர்சர். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கேட்டது: "கடைசியா அத தொட்டது யாரு?"

அந்த வாடையையும் அந்தக் கேள்வியையும் இதற்கு முன் ஒருமுறை ஒரே அறையில் சேர்த்து வாங்கியிருக்கிறேன். ஏன் மூஞ்சை அப்படி வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை, உன் வேலையைப் பார் என்றேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஒரு சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. சர்க்கரை ஆலை என்றதும் இனிப்பு வாசனை என்று நினைப்பீர்கள். கழிவுப் பாகான மொலாசஸ் புளித்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சாயங்கால வண்டியில் நான் ஏறியதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். கம்ப்யூட்டர் படித்த பெண் என்று வீட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது பெரும்பாலும் வழியில் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் கரைந்துவிடும்.

ஆலை முழுவதிலும் ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான். பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்து, திரையும் கீபோர்டுமாக மூன்று டெர்மினல், காது கிழியக் கத்தும் ஒரு பிரிண்டர். தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். அதனால் அறைக்குள் எப்போதும் பாத வாடை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலக மேனேஜர் உள்ளே வந்து, இரண்டு நாற்காலியைச் சேர்த்துப்போட்டுக் காலை நீட்டிவிடுவார். மெஷினுக்கு வேண்டிய குளிர்ச்சி மனுஷனுக்கு வேண்டாமா என்பார். அவருடைய மோர்ப் பாத்திரமும் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கும். மோரும் பாதமும் கலந்த அந்தக் குளிர்ந்த காற்றில்தான் நான் அந்த மெஷினை இயக்கும் யூனிக்ஸைக் கற்றுக்கொண்டேன்.

அந்த மெஷினுடைய முக்கியமான வேலை கட்டிங் ஆர்டர் அடிப்பது. எந்த விவசாயி எந்தத் தேதியில் கரும்பு வெட்டி அனுப்பவேண்டும் என்று அதிலிருந்து சீட்டு வரும். அந்தச் சீட்டு இல்லாமல் வெட்டினால் ஆலையில் எடுக்க மாட்டார்கள். வெட்டாமல் விட்டால் கரும்பு கொல்லையிலேயே காய்ந்து எடை குறையும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்பே அரவை தொடங்கிவிட்டது. பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை எல்லாம் ஆயிற்று. பக்தி முற்றி, பிளாப்பி போடும் வாயிலும் சந்தனம் அப்பினார்கள். கற்பூரம் காட்டும்போது ஆயுதம் ஓய்வாக இருக்கவேண்டும், மெயின் சுவிட்சை அணை என்றார் மேனேஜர். மெஷினை அப்படி அணைக்கக் கூடாது, முதலில் ஒரு கமாண்ட் கொடுத்து, அது எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு நிறுத்தவேண்டும் என்று நான் சொன்னேன்.

"சாமிக்கு முன்னாடி இன்னாம்மா கமாண்டு? அணைடா" என்றார். எலக்ட்ரீஷியன் கோதண்டம் என்னை ஒருதரம் பார்த்தார், அவரை ஒருதரம் பார்த்தார், அணைத்துவிட்டார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் போட்டார்கள். மெஷின் உறுமியது. திரையில் நான்கைந்து வரி வந்து அப்படியே நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே இடத்தில் நின்றது. அறைக்குள் கணக்குப் பிரிவு ஆட்கள் இருந்தார்கள். சீட்டு வாங்கிப்போகத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரும் கதவருகில் நின்றார். மேனேஜர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நேத்து கடைசியா அத தொட்டது நீதானே? ஏம்மா, தூரமா இருக்கசொல்ல உள்ள வந்துட்டியா?"

இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில். இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. உண்மையா பொய்யா என்று அன்றும் நான் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. கேட்கக் கூடாத கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்ன. நான் சும்மா நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். கோமியம் கொண்டுவரச் சொல்லி கோதண்டத்தை விரட்டினார்.

"யார்டுல நிக்கிறதெல்லாம் வண்டி மாடு சார். பசுவுக்கு எங்க போறது?"

"எதுனா ஒண்ணு கொண்டாடா. ஜல்தி."

கரும்பு வண்டி இழுத்து வந்த எருதிடமிருந்து பிடித்ததைத்தான் பெயிண்ட் டப்பாவில் கொண்டுவந்தார். மாவிலையால் அள்ளி அள்ளி மேனேஜரே தெளித்தார். தரையில், மெஷின்மேல், டெர்மினல்மேல், கடைசியில் என்மேலும். ஜன்னல் இல்லாத அறை. ஏசி அந்த வாடையை ஒரு மூலை விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் பழைய இடத்திலேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். தற்காலிக வேலை, நிறுத்துவதற்குக் காகிதம்கூட வேண்டாம். தம்பியின் படிப்பு என் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது. மெஷினை விற்ற கம்பெனிக்கு மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டால், இன்ஜினியர் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். டேப்பில் எடுத்துவைத்த நகல் போன வாரத்தோடு சரி. இந்த வாரத்து ஆர்டர் எதுவும் அதில் இல்லை.

"வெட்ற ஆளுங்க வந்து குந்திக்கினு கீறாங்கம்மா. இன்னிக்கி சீட்டு இல்லன்னா அடுத்த ஊருக்குப் பூடுவாங்க" என்றார் அந்தப் பெரியவர், மேனேஜரிடம் இல்லை, என்னிடம். அப்போது என்னை ஓர் ஆளாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஹார்டு டிஸ்கிலிருந்து எழுந்திருக்க முடியாத மெஷினை பிளாப்பியிலிருந்து எழுப்பலாம் என்று மேனுவலில் படித்திருந்தேன். ஆனால் பிளாப்பி போடும் வாயில் சந்தனம் காய்ந்திருந்தது. கோதண்டம் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து பல் துலக்குகிற மாதிரி துடைத்தார். "நான் அணைக்காம இருந்திருக்கலாம்மா" என்றார் மெதுவாக. மூன்றாவது தடவை போட்டபோது பிளாப்பி கரகரவென்று சுற்றித் திரையில் ஒரு # வந்தது, எழுந்துவிட்டேன், கமாண்ட் கொடு என்று அதற்கு அர்த்தம். அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்து அழுகை வந்தது.

fsck என்று அடித்தேன். டிஸ்கில் அறுந்துபோனதையெல்லாம் தேடிப்பிடித்து ஒட்டுகிற கமாண்ட் அது. முறைப்படி நிறுத்தப்படாத டிஸ்க் என்று முதல் வரியிலேயே இங்கிலீஷில் சொல்லிவிட்டது. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார், படித்துவிட்டு மோர்ப் பாத்திரத்தைத் தேடிப் போனார். பிறகு அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. இதை வெட்டிவிடவா, அதைச் சேர்க்கவா என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு கேள்விக்கும் y அடிக்கவேண்டும். தப்பாக ஆமாம் சொன்னால் இருப்பதும் போய்விடுமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். அந்தப் பட்டன் இன்னும் ஈரமாக இருந்தது. தொடும்போதெல்லாம் விரல் ஒட்டியது. முகர்ந்து பார்க்காமலே நாற்றம் வந்தது. துடைக்க எழுந்தால் தைரியம் போய்விடும் என்று அந்த ஈரத்தின்மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தபோது கட்டிங் ஆர்டர் ஃபைலைக் காணோம். ஆனால் பெயர் தொலைத்த ஃபைல்களை அந்தக் கமாண்ட் தனியாக ஓரிடத்தில் போட்டுவைக்கும், வெறும் நம்பரோடு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் சம்பளப் பட்டியல், ஒன்றில் குப்பை. இன்னொன்றைத் திறந்ததும் இங்கிலீஷ் எழுத்தில் திருவாமாத்தூர், திருவெண்ணெய்நல்லூர் என்று ஊர்கள் வரிசையாக ஓடின. பழைய பெயரைக் கொடுத்து பிரிண்டருக்கு அனுப்பினேன். அது கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் நாதஸ்வரம் மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பெரியவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வர்றேம்மா என்று ஓடினார்.

மேனேஜர் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, தெளிச்சதும் கேட்டுச்சி."

வேலை நிலைத்தது. ஆனால் மறுநாள் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு புது இரும்பு ஸ்டூல் வந்திருந்தது. மாதவிலக்கான நாட்களில் நான் அதில் உட்கார்ந்துகொண்டு, என்ன அடிக்கவேண்டும் என்பதை வாயால் உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். தினமும் காலையில் நான் செருப்பைக் கழற்றும்போது மேனேஜர் கதவருகில் நிற்பார். "இன்னிக்கி எப்டிம்மா?" என்பார். "இல்லீங்க சார்" என்பேன். ஆலையில் இருந்த வருஷம் முழுக்க, மாதத்தில் எல்லா நாளும், அதே "இல்லீங்க சார்". எல்லா நாளும் உள்ளே போனேன். மெஷின் அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

மகள் தன் சர்வரைச் சரிசெய்துவிட்டாள். "நான்தான் தொட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, லாக்க பாருங்க, எல்லாம் பதிவாயிருக்கு" என்று ஸ்பீக்கரில் அவள் சொன்னது சமையலறைவரை கேட்டது. குரல் நடுங்கவில்லை.

ஆலை இருந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். மேனேஜர் போய்விட்டார், கோதண்டமும் போய்விட்டார். ஏலத்தில் அந்த மெஷினைப் பழைய இரும்போடு இரும்பாக எடைபோட்டு ஏற்றினார்களாம். ஸ்டூலை யார் எடுத்துக்கொண்டு போனார்களோ தெரியாது. புதுசு போலவே இருந்திருக்கும்.