ஈஜோக்கில் கேட்ட டயர் சத்தம்

இன்று மாலை ஈஜோக் ஊர்க் கடையில் ரொட்டி வாங்கிவிட்டு மகளின் காருக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி நின்றது. அதன் ஓட்டுநர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வந்தார். காற்று நிறைந்த டயர் ‘டண்’ என்று ஒலிக்கும். காற்று குறைந்தால் சத்தம் மந்தமாகிவிடும்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பதுங்கித் தாக்கிய அவசரகாலத்தில் என் கணவர் எஸ்டேட் லோரி ஓட்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே டயரில் காற்றுப் போய் லோரி நின்றால், அன்றைக்கு உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் காலையில் தட்டிப் பார்க்காமல் புறப்பட மாட்டார். மாலையில் திரும்பியதும், மறுநாளுக்காக மறுபடியும் தட்டுவார்.

எங்கள் எஸ்டேட் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு உள்ளே அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

செம்பனை லோரி ஓட்டுநர் கம்பியை உள்ளே போட்டுவிட்டு ஏறப் போனார்.

“தம்பி, பின்னால உள்பக்க டயர் சத்தம் சரியில்லையே.”

“பாட்டி, எங்க முதலாளிகூட இப்படிக் கேக்க மாட்டாரு லா!”

சிரித்துக்கொண்டே கம்பியை எடுத்தார். அந்த ஒன்றை மட்டுமல்ல, எல்லா டயர்களையும் மறுபடி தட்டினார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“எல்லாம் கல்லு மாதிரி இருக்கு பாட்டி. பயப்படாதீங்க.”

அது எனக்கு முதலிலேயே தெரியும்.

கான்வென்டில் படித்தவள் நான். என் பிள்ளைகள் ஒரு சின்னப் பொய் சொன்னாலும் விட்டதில்லை.

அந்த லோரி தினமும் மாலையில் அங்கே நிற்குமாம். நாளைக்கு எந்த டயரைக் குறை சொல்லலாம்? லோரி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.