மாவு மில் அனுசியாவின் மூன்றாவது தேர்தல்

தென்காசியில் அனுசியா பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடுவில் ஏழெட்டு வீடுகள்தான். தாய்மாமன் மகன் சங்கிலிப்பாண்டியைக் கட்டிக்கொண்டதால் தெருவைத் தாண்டவேண்டிய தேவையே வரவில்லை. அவர் போலீஸ் வேலையில் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தார். அவள் மாமனாரின் மாவு மில்லைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

அந்தத் தெருவின் தீராத தொல்லை வாறுகால். தெரு வளைகிற இடத்தில் சாக்கடை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை வலுத்தால் கழிவுநீர் வாசல்படி ஏறி வீட்டுக்குள் வரும். மாவு அரைக்க வருகிற பெண்கள் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அதைத்தான் சொல்வார்கள். அனுசியா நகராட்சிக்குப் போய் மனுக் கொடுப்பாள். ஆள் வருவான், கம்பியை விட்டுக் குத்துவான், போவான். ஒரு மழைக்கு மில்லுக்குள்ளேயே சாக்கடை புகுந்து மோட்டார் புகைந்துபோனது. அடுத்த நகராட்சித் தேர்தலில் அவள் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றாள்.

முதல் தடவை டெபாசிட் போனது. இரண்டாம் தடவை இரண்டாவதாக வந்தாள். பிறகு பல வருஷம் தேர்தலே நடக்கவில்லை. மறுபடி அறிவித்தபோது அவளுக்கு ஐம்பது கடந்திருந்தது, காலில் நரம்பு சுருண்டு வலி. நிற்க மனசே இல்லை.

"இந்தத் தடவ நீங்க விட்டுட்டா வேற யாரு மதினி கேப்பா?" என்று தெருப்பெண்கள் மில்லை விட்டு நகர மறுத்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் ரிஃபாத் நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்துவிட்டான். சீப்புச் சின்னம். வாங்கிப் பார்த்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், "எனக்கு எதுக்கும்மா இது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அனுசியாவும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏறினாள்.

எதிர்த்து நின்றவள் சுகந்தி. குத்துக்கல்வலசையிலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப்பெண். புருஷனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ், பின்னால் பெரிய கட்சி. அவளுடைய ஜீப் மைக் கட்டிக்கொண்டு போகும்போது அனுசியா சுவரோரம் ஒதுங்கி நின்று கால் மாற்றிக்கொள்வாள். முந்தின தேர்தல்களில் லீவு போட்டுக் கூடவே நடந்த சங்கிலிப்பாண்டி இந்தத் தடவை வரவில்லை. ரிட்டையர் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "முட்டு வலிக்குது. நீ போயிட்டு வா" என்பார்.

ஓட்டுப் பதிவு முடிந்த அன்று இரவு அவருக்குச் சோறு வைத்தாள். இடது கையால் அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். ஆட்காட்டி விரலில் மை இல்லை. அனுசியா அதைப் பார்த்தாள். ரசத்தை ஊற்றினாள். கேட்பதற்கு வாய்வரை வந்தது, ஆனால் கேட்டுப் பதில் வாங்கிச் சண்டை போட உடம்பில் தெம்பில்லை.

எண்ணிக்கையில் இரண்டு பேருக்கும் ஓட்டுச் சமமாக நின்றது.

மறுபடி சரிபார்த்தார்கள். அப்போதும் சமம்தான். குலுக்கல் என்று அதிகாரி சொன்னார். இரண்டு பேரையும் முன்னால் நிற்கச் சொல்லி, பேரெழுதிய சீட்டுகளை மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அனுசியா டப்பாவைப் பார்க்காமல் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தாள். வந்தது சுகந்தி பேர்.

வெளியே வெடிச்சத்தம். ரிஃபாத் அழுதுகொண்டே பைக்கை எடுத்தான். "ஒரே ஒரு ஓட்டு அக்கா! எவனாவது ஒருத்தன் எந்திச்சு வந்திருந்தா..."

"மெதுவா ஓட்டுப்பா" என்றாள் அவள்.

வீட்டில் சங்கிலிப்பாண்டி விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு வந்துவிட்டது.

"அனுசியா, நான் அன்னைக்கு ஓட்டுப் போடல."

"தெரியும்."

"வரிசையில போயி நின்னேன். நின்னுக்கிட்டு இருக்கும்போதே..." அவர் முழங்காலைத் தடவினார். "முட்டு வலி இல்ல. நீ ஜெயிச்சிருவியோன்னு பயமா இருந்துச்சு. ஆயுசு பூரா ஸ்டேஷன்ல ஊர் வழக்கைக் கேட்டாச்சு. இனி இங்கயும் விடிஞ்சா அடைஞ்சா கதவைத் தட்டுவாங்களேன்னு நெனச்சேன். திரும்பி வந்துட்டேன்."

அனுசியா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா நான் போட்டேம்லா."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவில்லை. அவர் சில நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். ஒருநாள் மில்லுக்கு வந்து, அவள் தூக்கப்போன மிளகாய் மூட்டையைத் தான் தூக்கி வைத்தார். மறுநாளும் வந்தார். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.

சித்திரையில் தெரு வளைவில் ஜே.சி.பி. வந்து நின்றது. பழைய வாறுகாலைப் பெயர்த்து அகலமாகக் கான்கிரீட் போட்டு, மூடியும் போட்டுவிட்டார்கள். சாரல் தொடங்குவதற்குள் வேலை முடிந்தது. சுகந்தி புருஷன் யாருக்கோ இரண்டு போன் போட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அத்தனை வருஷம் அலைந்தது இரண்டு போன் பேச்சுத்தானா என்று அனுசியாவுக்குத் தோன்றியது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வேலை முடிந்ததற்குச் சின்னதாகப் பூஜை வைத்தார்கள். மில் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவளைச் சுகந்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க வந்து தேங்கா ஒடைங்க அக்கா. நீங்கதான் ஒடைக்கணும்னு தெருவே சொல்லுதாங்க."

"நீயே ஒடைம்மா. செஞ்சது நீதான."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எங்க வீட்டு அவ்வொதான் எல்லாம் பாத்தாவ" என்று சொல்லி, சுகந்தி குரலைத் தாழ்த்தினாள். "தெனமும் வீட்டுக்கு ஆள் வந்துகிட்டே இருக்கு. தூக்கமே இல்லக்கா."

அனுசியா அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். தேங்காயை வாங்கி உடைத்தாள். இரண்டு மூடியையும் சுகந்தி கையில் கொடுத்து, "மத்தியானத்துல ஒரு மணி நேரம் கதவைப் பூட்டிட்டுப் படு. ஏசுனா ஏசட்டும்" என்றாள்.

அன்று மத்தியானம் அவளும் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்தாள். கதவைச் சாத்தவில்லை. மல்லிப்பொடி திரிக்க யாரோ வந்து அவளைக் கேட்பதும், "அவ தூங்குதா, எங்கிட்டக் குடுங்க" என்று சங்கிலிப்பாண்டி சொல்வதும் வீட்டை ஒட்டியிருந்த மில்லிலிருந்து கேட்டன. மிஷின் ஓடத் தொடங்கியது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.