வராந்தாவில் வேலம்மாள்

வெள்ளக்கடை கிராமத்து வேலம்மாள் பதினெட்டு வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். காப்பி விலை விழுந்து ஆட்களைக் குறைத்தபோது, ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்யச் சேர்ந்தாள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று மேனேஜர் அப்துல் மஜீத் சொல்லியிருந்தார். மகள் சேலத்தில் நர்சிங் படித்தாள். இந்த வேலை நிலைத்தால்தான் அந்தப் படிப்பும் நிலைக்கும்.

அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் எஸ்டேட்டில் ஒருத்தி வேலை எப்படி என்று, பறித்த பழத்தைச் சாயங்காலம் தராசு எடை போட்டுச் சொல்லிவிடும். இங்கே தங்க வந்தவர்களின் முகம்தான் சொல்ல வேண்டும். அந்த முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. எஸ்டேட் பாதை ஒரு ஜீப் அகலம்தான். ஜீப் வந்தால் பழம் பறிப்பவர்கள் கூடையோடு செடிகளுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். லாட்ஜ் வராந்தாவும் குறுகல். யாராவது எதிரே வந்தால், திறந்திருக்கும் கதவுக்குள் அவள் கால் தானாக நுழைந்துவிடும்.

இருபத்தாறாம் நாள் அப்படி நுழைந்த அறையில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் பாதிக் கன்னத்து நுரையோடு மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மஜீத் கேட்டார்: "ஏனுங்க வேலம்மா, அந்த ரூமுக்குள்ள உங்களுக்கு என்னங்க வேலை?"

"வேலை ஒண்ணுமில்லீங்க பாய். எதுக்கால ஆளு வந்தாங்க, ஒதுங்கினேன்."

"ஆளுக்கு எதுக்குங்க ஒதுங்கறீங்க? அவங்க என்ன ஜீப்பா?"

"ஜீப்புன்னா ஹாரன் அடிக்குமுங்க. இவங்க சத்தமில்லாம வந்தர்றாங்க."

மஜீத் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னொரு புகார் வந்தா மொதலாளிகிட்ட என்னால பேச முடியாதுங்க. ஆரு வந்தாலும் நில்லுங்க. மூஞ்சியப் பாத்து வாங்கன்னு சொல்லுங்க. நம்ம ஊட்டுக்கு வந்தவங்கதானுங்களே."

அன்று மத்தியானம் அவரே விருந்தாளி போல வராந்தாவில் நடந்து வந்தார். முதல் தடவை அவள் துணி வைக்கும் அறைக்குள் போய்விட்டாள். இரண்டாம் தடவை சுவரோடு ஒட்டினாள். மூன்றாம் தடவை நின்றாள்.

மறுநாள் ஒரு வயதான தம்பதி படியேறி வந்தார்கள். வேலம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றாள். "வாங்க" என்றாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்த அம்மாளின் முகம் வெளுத்திருப்பது தெரிந்தது. மலைப்பாதை வளைவுகளில் பஸ் புரட்டி எடுத்திருந்தது.

"நொம்ப குமட்டுதுங்களா? செத்த உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். சமையலறைக்கு ஓடி, இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பும்போது அந்த அம்மாள் ஆபீசில் நின்றுவிட்டாள். "வேலம்மா எங்கங்க? சொல்லாமப் போகக் கூடாது."

மஜீத் மாடிக்கு ஆள் அனுப்பினார். அவள் இறங்கி வந்து அவர்களை வழியனுப்பித் திரும்புவதற்குள், சுவரில் தொங்கிய ட்யூட்டி அட்டையில் அடுத்த மாதத்துக்கு அவள் பெயரை எழுதிவிட்டார்.

"சீசனுங்க. ஞாயித்துக்கிழமை லீவு கெடையாது" என்றார்.

"அதுக்கென்னங்க பாய்" என்றாள் வேலம்மாள். பிறகு, மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், போனைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டாள்.