பட்ட மாமரத்துக் குடித்தனங்கள்

காளிராஜைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்வார்கள். அறுபதடி மரத்தில் கயிறு கட்ட ஏறுகிற மரம் அறுப்பவனையா என்று கேட்பீர்கள். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் மூச்சில்லாமல் பிறந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும், பயம் என்றால் என்னவென்று.

வீட்டுக்காரி மாசமாக இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, குருவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது. அது அவர்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. முதல் இரண்டு தடவையும் அவன் ரம்பத்தைத் தொடவே இல்லை. ராஜபாளையத்தில் மில்லில் மூடை தூக்கினான். 1987-ல் மனைவி முத்தாத்தாள் மூன்றாவதாக உண்டானபோது மில்லில் ஆள் குறைத்துவிட்டார்கள். அடுப்பு எரிய வேண்டுமே. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டான்: பட்ட மரம் மட்டும் அறுப்பது. செத்த மரத்தில் என்ன உயிர் இருக்கப் போகிறது? பெரிய புத்திசாலிதான்!

பங்குனி மாதம். முத்தாத்தாளுக்கு நாள் நெருங்கியிருந்தது. செண்பகத்தோப்பு மாந்தோப்பு ஒன்றில் பட்டுப்போன கிழட்டு மாமரத்தை அவனும் மச்சினன் ஜெயக்கொடியும் காலையிலேயே சாய்த்தார்கள். மரம் தரையில் விழுந்ததும் கீழ்ப்பொந்திலிருந்து ஓர் ஆந்தை பட்டப்பகலில் கண் தெரியாமல் பறந்தது. காக்கைகள் விரட்டிக்கொண்டு போயின. நடுவெடிப்பிலிருந்து தேனீ கிளம்ப, இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஈ அடங்கித் திரும்பி வந்தால், மேல்பொந்துக்குள் ‘கிர்ர் கிர்ர்’ என்று சத்தம். மரங்கொத்திக் குஞ்சுகள் மூன்று, இறகுகூட முளைக்கவில்லை.

காளிராஜுக்குத் தெரியாத விஷயமா? மரங்கொத்திக்கு உளுத்த மரம்தான் தோது. வருஷத்துக்கொரு பொந்து கொத்திவிட்டுப் போகும். கொத்தத் தெரியாத ஆந்தையும் கிளியும் மைனாவும் பழைய பொந்துக்காகக் காத்துக் கிடந்து குடியேறும். பச்சை மரத்தைவிடப் பட்ட மரத்தில்தான் குடித்தனம் அதிகம். வயிற்றுப்பாடு வந்து கண்ணை மறைத்துவிட்டது.

பொந்து இருந்த துண்டை மட்டும் நிதானமாக அறுத்து எடுத்தான். பக்கத்து மாமரத்தில், பழைய உயரத்தில், பொந்து பழைய திசையைப் பார்க்கும்படி கட்டினான். தாய் வந்து இரை கொடுத்துவிட்டால் என் பிள்ளை பிழைக்கும் என்று மனதுக்குள் முடிந்துகொண்டான். அக்காவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஜெயக்கொடியைச் சைக்கிளில் அனுப்பினான்.

மரங்கொத்தி வந்தது. மரம் இருந்த வெட்டவெளியைச் சுற்றியது, அலறியது, போய்விட்டது. நாலைந்து தடவை இதே கதை. காக்கை இரண்டு கிளையில் உட்கார்ந்து பொந்தையே பார்த்தன. மண்கட்டியை எறிந்து எறிந்து அவனுக்குக் கை சோர்ந்தது. குஞ்சுகளின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

மூன்று மணிக்கு ஜெயக்கொடி வியர்த்து விறுவிறுத்து வந்தான்.

“அக்காவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. வாங்க மச்சான்.”

காளிராஜ் எழுந்தான். காக்கையும் ஒரு கிளை இறங்கியது.

“நீ முன்னால போ மாப்ள. நான் பொறவு வாரேன்.”

பைத்தியமா பிடித்திருக்கிறது என்று ஜெயக்கொடி ஏசிவிட்டுப் போனான். அவன் ஏசியதில் தப்பில்லை. ஆனால் இந்தக் குஞ்சு செத்தால் அந்தப் பிள்ளையும் செத்துவிடும் என்று முடிச்சுப் போட்டுவிட்ட மனதை என்ன செய்ய?

வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் அந்தப் பறவை கட்டிவைத்த துண்டில் வந்து ஒட்டியது. சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. தலையை உள்ளே விட்டது. குஞ்சுகள் கத்திய கத்தலில் காளிராஜ் விம்மி அழுதுவிட்டான். மண் ரோட்டில் தன் சைக்கிளை அவன் மிதித்த மிதிக்குச் செயின் அறுந்து போகாதது அதிசயம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை. முத்தாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, குஞ்சு பிழைத்த கதையை ஒன்றுவிடாமல், சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அந்த ரெண்டு தடவையும் கதவுக்கு வெளிய நின்னீக. ஒங்க இருமல் கேட்டுக்கிட்டே கெடந்தேன், தைரியமா இருந்துச்சு. இன்னைக்கும் காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கெடந்தேன்” என்றாள். “எம்புட்டு நேரம் தெரியுமா?”