ஆளுக்குப் பாதி இலக்கணம்

எனக்கும் அண்ணிக்கும் ஒரே வயது. ஊரில் கால் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பட்டம் வாங்கிவிட்டு இருவருமே முத்தியால்பேட்டை வீட்டில் சும்மா இருந்தோம். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தோம். இன்டர்வியூவுக்கு முன்னால் ஆங்கில கிராமர், வொக்காபுலரியில் ஒரு தேர்வு. ரொம்பக் கஷ்டமில்லை, நடுத்தரம்தான் என்றார்கள்.

பழைய புத்தகக் கடையில் அதற்கான இலக்கணப் புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. யார் முதலில் படிப்பது என்று தினமும் இழுபறி. பைண்டிங் வேலை பார்த்த அண்ணன், பொறுக்கமாட்டாமல் அதன் முதுகில் கத்தியை விட்டு இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு அட்டை போட்டுக் கொடுத்துவிட்டான். டென்ஸ் எல்லாம் அண்ணிக்கு, பிரிபோசிஷனும் வொக்காபுலரியும் எனக்கு. இரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

மாற்றிக்கொள்வதற்கு முதல் நாள் சண்டை வந்தது. வீட்டுக்கு வந்த அத்தையிடம் அண்ணி ஆங்கிலம் பேசிக் காட்டினாள். அதில் ‘வெஜி-டேபிள்’ என்று காய்கறிக்குள் மேசை ஒன்று வந்து விழுந்ததும் நான் சிரித்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. பேசாதவளிடம் புத்தகத்தை எப்படிக் கேட்பது?

மறுநாள் காலை, அடுப்படியில் அண்ணி உரக்கப் படிப்பது கேட்டது. ‘ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங் சின்ஸ் மார்னிங், ஃபார் டூ அவர்ஸ்.’ ஒரே வரி நாலு முறை. அவள் எப்போதும் மனதுக்குள் படிக்கிறவள். எனக்காகத்தான் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு நானும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே ‘குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

தேர்வன்று ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், வாய் திறக்காமல் போனோம். பாதி வழியில் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“இன்ட்ரஸ்டட்டுக்கு அப்புறம் இன் வருமா, ஆன் வருமா?”

“இன்.”

கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன். “அண்ணி, ரெண்டு வருஷமான்னா சின்ஸா, ஃபாரா?”

“ஃபார். அத்தன தடவ கத்துனேனே, காதுல விழலயா?”

“நீங்க கத்துனப்ப குக்கர் விசில் அடிச்சுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருவரும் தேறினோம். இன்டர்வியூவில் அவளை எடுத்துக்கொண்டார்கள், என்னை எடுக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் வருத்தம். ஆனாலும் அவளுடைய முதல் நாள் வேலைக்கு என் நல்ல சுடிதாரை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு டிராவல்ஸில் வேலை கிடைத்தது. அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர்கள். அவர்களும் என்னைப் போலவே ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் பேசினார்கள்.